வரிசை தப்பாத மரங்கள்

மகளின் பிரசவத்துக்காக பாரிஸ் போயிருந்தபோது, ஒரு நாள் மாப்பிள்ளை வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். லெ நோத்ர் என்பவர் 1661-ல் தொடங்கிய தோட்டம். மரங்களும் வேலிச்செடிகளும் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி கச்சிதமாகக் கத்தரித்து நிற்கின்றன!

1999 டிசம்பர் 26-ல் அடித்த புயலில் இங்கே 10,000-க்கும் மேல் மரங்கள் சாய்ந்தனவாம். விழுந்த இடத்தில் ஒரு கன்றை நட்டால் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். சங்கதி அப்படியில்லை. நெடிய மரங்களுக்கு நடுவே நட்ட கன்றுக்கு வெயில் கிடைக்காது. நோஞ்சானாகக் கோணிக்கொண்டு வளரும். வரிசையும் பொக்கை வாய் போலாகிவிடும். ஆகவே, இந்த மாதிரி வரிசைகளைச் சீராக்கும்போது, நன்றாக நிற்கும் கிழ மரங்களையும் சேர்த்து வெட்டிவிட்டு, ஒரே வயதுக் கன்றுகளாக நடுவதுண்டு. பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்த 1774-லேயே இப்படிப் பெரிய அளவில் வெட்டி, மறுபடி நட்டார்கள். வெட்டிய மரங்கள் கிடந்த கோலத்தை ஹூபேர் ரோபேர் என்ற ஓவியர் படமாகவே வரைந்து வைத்திருக்கிறார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வாசலில் மாமியார் வைத்த வேம்பை வெட்டச் சொன்னால் விடுவேனா?

"அத்தை, வேம்பு தனி மரம். இது புள்ளிக் கோலம் மாதிரி. ஒரு புள்ளி தப்பினாலும் எல்லாம் போச்சு" என்றார் மாப்பிள்ளை.

அதுவும் சரிதான். ஆனாலும், வெட்டுகிற அன்றைக்கு நான் அந்தப் பக்கமே போகமாட்டேனப்பா!