‘அழித்தாயிற்று’ என்று வார்னிஷ் சொன்னால் நம்பலாமா?

தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 15. செய்தியில் 25 என்று போய்விட்டது. அரை மணி நேரத்தில் ஆசிரியர் கவனித்துத் திருத்திவிட்டார், கேஷும் அழித்தாயிற்று. ஆனாலும் ஒரு மணி நேரம் கழித்தும் சில வாசகர்களுக்கு 25 என்றே தெரிகிறது. அதை நம்பி 20ஆம் தேதி விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிற பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. தளத்தை நடத்துகிறவர்களோ, "எங்களுக்குச் சரியாத்தானே வருது" என்கிறார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை.

நண்பர் ஒருவர் பராமரிக்கும் சிறிய தமிழ்ச் செய்தித் தளத்தில் நடந்தது இது. பெயர் வேண்டாம். வேர்ட்பிரஸ் தளம், அதற்கு முன்னால் இரண்டு வார்னிஷ் சர்வர்கள். இதைச் சரிபார்த்த வழியை எழுதிவைத்தால் இதே சிக்கலில் மாட்டிக்கொள்ளும் வேறு சிலருக்கும் உதவும் என்று தோன்றியது. தமிழ்த் தளங்களுக்கு மட்டும் அதிகமாக வரக்கூடிய ஒரு வம்பும் இதில் இருக்கிறது.

வார்னிஷ் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. வாசகருக்கும் உண்மையான வலை சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒருமுறை வாங்கிய பக்கத்தை நினைவகத்தில் வைத்து அடுத்தடுத்து கேட்பவர்களுக்கு அதையே எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் இது. நார்வே நாட்டின் வெர்டென்ஸ் காங் பத்திரிகையின் இணையதளத்துக்காகப் பொல்-ஹென்னிங் காம்ப் எழுதி, 2006இல் வெளிவந்தது. செய்தித் தளத்துக்கென்றே பிறந்தது என்பதால், ஒரு பக்கத்தை 'இப்போதே தூக்கிப் போடு' என்று சொல்லும் வசதி இதில் முக்கியமானது. அதன் பெயர் பர்ஜ்.

வார்னிஷ் ஒரு பக்கத்தை எந்தப் பெயரில் வைத்துக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் தளத்தின் பெயர், அதற்குப் பின்னால் வரும் முழு முகவரி, இந்த இரண்டையும் சேர்த்து ஒரு சாவி உண்டாக்குகிறது. பர்ஜ் கட்டளை வரும்போதும் அதே முறையில் சாவி செய்து, அந்தச் சாவியில் இருப்பதை அழிக்கிறது. சாவியில் ஒரே ஒரு பைட் மாறினாலும் அது வேறு பெட்டி. காலிப் பெட்டியை அழிக்கச் சொன்னாலும் வார்னிஷ் மறுக்காது. 'பர்ஜ்ட்' என்று 200 பதிலை அனுப்பிவிடும். பழைய ஸ்க்விட் இந்த விஷயத்தில் நேர்மையானது. அழிக்கச் சொன்ன பக்கம் தன்னிடம் இல்லையென்றால் 404 என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். வார்னிஷில் 200 என்றால் 'கட்டளை கிடைத்தது' என்று மட்டுமே பொருள். எத்தனை பிரதி அழிந்தது என்று தெரியவேண்டுமானால், பர்ஜ் என்ற பெயரிலேயே அதனுடன் வரும் கூடுதல் தொகுதியைப் பயன்படுத்த வேண்டும். அது எண்ணிக்கையைத் திருப்பித் தரும். அந்த எண்ணை லாக்கில் எழுதிவைப்பது பத்து நிமிட வேலை. செய்பவர்கள் குறைவு.

சரி, பழைய பக்கம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? பலர் செய்வது, கண்ணில் பட்ட எல்லா கேஷையும் காலி செய்வது, வார்னிஷை ரீஸ்டார்ட் செய்வது. அப்போதைக்குச் சரியாகிவிடும், காரணமும் சேர்ந்து அழிந்துபோகும். அடுத்த வாரம் மறுபடி வரும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: பதிலோடு வரும் 'ஏஜ்' ஹெட்டர். இந்தப் பிரதி மூல சர்வரிலிருந்து வந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று அது சொல்கிறது. நடுவில் இரண்டு மூன்று கேஷ் இருந்தாலும், ஒழுங்காக நடக்கும் கேஷ்கள் அந்த வயதைக் கூட்டிக்கொண்டே கொடுக்கும்.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு. திருத்திய நேரத்திலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று பாருங்கள். ஏஜ் அதைவிட அதிகமாக இருந்தால், அந்தப் பிரதி திருத்தத்துக்கு முன்பே பிறந்தது. அதாவது பர்ஜ் அதைத் தொடவே இல்லை. சாவி பொருந்தவில்லை, அல்லது கட்டளை வேறு சர்வருக்குப் போய்விட்டது. ஏஜ் குறைவாக இருந்தும் உள்ளே பழைய எழுத்தே இருந்தால் கதை வேறு. பர்ஜ் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது, திருத்திய பிறகும் மூல சர்வர் பழசையே கொடுத்திருக்கிறது. அப்போது வார்னிஷைத் திட்டிப் பயனில்லை. கர்ல் கட்டளையில் புதிது வருகிறது, பிரவுசரில் மட்டும் பழசு என்றால், வாசகரின் கணினியிலேயே பிரதி இருக்கிறது. அங்கே எந்தப் பர்ஜும் எட்டாது. பிரவுசருக்கான மேக்ஸ்-ஏஜை மிகச் சிறிதாகவும், நடுவில் இருக்கும் பொதுக் கேஷுக்கான எஸ்-மேக்ஸ்-ஏஜைப் பெரிதாகவும் வைப்பதற்கு இதுதான் காரணம். நம் கை எட்டும் இடத்தில் மட்டும் நீண்ட ஆயுள் கொடுக்க வேண்டும்.

நண்பரின் தளத்துக்கு வருவோம். 11 மணிக்குத் திருத்தினார்கள். 12.10க்குப் பார்க்கிறோம். அதாவது 4200 வினாடி. நிர்வாகப் பக்கத்திலிருந்து முகவரியை எடுத்துக் கர்லில் கேட்டால் புதிய செய்தி, ஏஜ் 4000க்குக் கொஞ்சம் மேல். கணக்குப்படி எல்லாம் சரி. இரண்டு சர்வரையும் தனித்தனியாகக் கேட்டோம், இரண்டிலும் சரி. (இதைச் செய்யாமல் விடக் கூடாது. லோட் பேலன்சர் வழியாகப் பர்ஜ் அனுப்பினால் ஒரு சர்வருக்கு மட்டும்தான் போகும். ஐபி முகவரிக்கு நேரடியாக அனுப்பும்போது ஹோஸ்ட் ஹெட்டரில் தளத்தின் பெயரைக் கொடுக்காவிட்டால் சாவியே மாறிவிடும். அப்போதும் 200தான் வரும்!)

அப்புறம்தான் புகார் சொன்ன வாசகர் தொட்ட அதே சுட்டியை வாட்ஸ்அப்பில் வாங்கச் சொன்னேன். அதைத் திறந்துகொண்டே வார்னிஷ்லாக்கைப் பார்த்தோம். ஏஜ் 5100. அதாவது 10.45க்குப் பிறந்த பிரதி. முகவரியும் அதே முகவரிதான், ஒரு வித்தியாசம் தவிர.

தமிழ் எழுத்துகள் முகவரியில் அப்படியே பயணிப்பதில்லை. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு ஹெக்ஸ் எழுத்துமாக மூன்று இடம் பிடிக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள், முகவரியில் 45 எழுத்து ஆகிவிடும். (வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. நம் தலைப்புகள் முகவரியில் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான். 22 குறியீட்டுக்கு மேல் நுழையாது.) அந்த ஹெக்ஸ் எழுத்துகளை ஆங்கிலத்தின் சின்ன எழுத்திலும் எழுதலாம், பெரிய எழுத்திலும் எழுதலாம். இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 சொல்கிறது. பெரிய எழுத்தில் எழுதுவதே முறை என்றும் சொல்கிறது. வேர்ட்பிரஸ் சின்ன எழுத்தில் எழுதுகிறது. சுட்டியைத் தமிழ் எழுத்தாகவே படிக்கும்படி மாற்றி யாராவது பகிர்ந்தால், திறக்கும் பிரவுசர் பெரிய எழுத்தில் எழுதுகிறது. வேர்ட்பிரஸ் ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால், வேறு முகவரிக்குத் திருப்பிவிடாமல் இரண்டுக்கும் பக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. வார்னிஷோ பைட்டைத்தான் பார்க்கும். இரண்டு சாவி, இரண்டு பெட்டி. பர்ஜ் போனது ஒன்றுக்கு மட்டும்.

ஆங்கிலத் தளம் நடத்துபவருக்கு இந்தச் சிக்கல் வருவது அபூர்வம். கேஷ் பற்றிய பெரும்பாலான கையேடுகளில் இது இல்லாததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

உடனடியாகப் பெரிய எழுத்து முகவரிக்கும் ஒரு பர்ஜ் அனுப்பி, 25ஐ ஒழித்தோம். நிரந்தரத் தீர்வு, சாவி செய்யும் இடத்திலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. சதவீதக் குறியோடு கூடிய தமிழ் முகவரி என்றால் மட்டும் சின்ன எழுத்தாக மாற்றிச் சாவி செய்யச் சொன்னோம். எல்லா முகவரியையும் மாற்றக் கூடாது. படக் கோப்புகளில் பெரிய எழுத்துப் பெயரும் சின்ன எழுத்துப் பெயரும் வேறு வேறு கோப்பாக இருக்கலாம். வாசகர் கோரிக்கையும் பர்ஜும் ஒரே இடத்தில் சாவி பெறுவதால், இந்த ஒரு மாற்றம் இரண்டுக்கும் போதும். அப்படியே ஃபேஸ்புக்கும் விளம்பரக்காரர்களும் முகவரியின் வாலில் ஒட்டும் அடையாளங்களையும் வெட்டிவிட்டோம். அவையும் ஒவ்வொன்றும் தனிப் பெட்டி உண்டாக்கும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, பைட் கணக்கில் ஒன்று ஆறு, மற்றது ஒன்பது. விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கி தலைப்புகளை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. மற்ற தளங்களில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'எதுக்கு இவ்வளவு? ஒரு வடிவம் கொடுத்து, பொருந்துவதையெல்லாம் தடை செய்யும் பேன் கட்டளை போட்டால் போதாதா?' என்று கேட்கலாம். போடலாம். ஆனால் பேன் உடனே எதையும் அழிப்பதில்லை. பட்டியலில் சேர்ந்துகொண்டு, பழைய பிரதியை யாராவது கேட்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கும். பின்னணியில் பட்டியலைச் சுத்தம் செய்யும் பேன் லர்க்கருக்குக் கோரிக்கை என்று ஒன்றே கிடையாது. அதனால் கோரிக்கையின் முகவரியை வைத்து எழுதிய பேன்களை அது தொட முடியாது, அவை தேங்கும். முகவரியைப் பிரதியோடு ஒரு ஹெட்டராகச் சேமித்துவைத்து அதன்மீது பேன் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

ஏஜ் குறைவு, உள்ளே பழசு என்ற இரண்டாவது வகையையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் கஷ்டமானது. திருத்தம் முதன்மைத் தரவுத்தளத்தில் பதிவாகி, நகல் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேர ஓரிரு வினாடி ஆகிறது. அந்த இடைவெளியில் பர்ஜ் நடந்து, உடனே ஒரு வாசகரும் வந்தால், வார்னிஷ் நகலிலிருந்து வந்த பழைய பக்கத்தைப் புதிதென்று எடுத்து வைத்துக்கொள்ளும், முழு ஆயுளுக்கும். கூட்டம் அதிகமுள்ள பக்கத்தில்தான் இது நடக்கும், சோதனைத் தளத்தில் நடக்கவே நடக்காது. மீடியாவிக்கியில் இதற்கென்றே சில வினாடி கழித்து இரண்டாவது பர்ஜ் அனுப்பும் அமைப்பு இருக்கிறது. அழகான தீர்வு இல்லைதான், ஆனால் வேலை செய்கிறது. இரண்டு அடுக்குக் கேஷ் இருந்தால் உள்ளே இருப்பதை முதலில் அழித்து, பிறகு வெளியே இருப்பதை அழிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வெளி அடுக்கு உள் அடுக்கிலிருந்து பழசையே மறுபடி நிரப்பிக்கொள்ளும்.

நண்பரின் தளத்தில் நகல் தரவுத்தளம் கிடையாது, ஆகவே இரண்டாவது பர்ஜ் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பர்ஜிலும் எத்தனை பிரதி அழிந்தது என்ற எண் மட்டும் இப்போது லாக்கில் விழுகிறது. சற்று முன் வெளியான, பலர் படித்துக்கொண்டிருக்கிற செய்திக்கு அது பூஜ்யம் என்று வந்தால் அவருக்கு ஒரு மெயில் போகும்.