கரைப் புல்லும் காட்டு வாத்தும்

வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பரப்பு 5,151 ஹெக்டேர். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் அங்கே கூட்டங்கூட்டமாக இறங்குவதைப் பார்க்கிறவர்கள், வாத்தினத்துக்கு இனிக் கவலையில்லை என்று எண்ணக்கூடும். ஆனால் அவை விருந்தாளிகள். முட்டையிடுவதெல்லாம் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும்தான். இந்த மண்ணிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் வாத்துகள் வேறு: புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, குள்ளத்தாரா. இவற்றுக்குச் சரணாலய எல்லை போதாது. திண்டிவனம், மயிலம் வட்டாரத்துச் சாதாரணப் பாசன ஏரிகளிலும் இவை பெருக வேண்டும். அங்கே இவற்றுக்கு முதலில் குறைந்து வருவது தண்ணீர் அல்ல, தண்ணீரை ஒட்டிய புல்.

புள்ளிமூக்கு வாத்து தண்ணீரில் கூடு கட்டுவதில்லை. ஏரியோரத்துக் கோரைப் புதரிலோ அடர்ந்த புல்லிலோ தரையில் சிறு குழி அமைத்து, புல்லைப் பரப்பி, தன் மார்பின் மென்தூவியைப் பிடுங்கி மெத்தையிடும். இரை தேடப் போகும்போது அந்தத் தூவியையே இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். ஏழெட்டு முட்டை, நாளுக்கொன்றாக. பிறகு ஏறத்தாழ 24 நாள் அடைகாப்பு. ஆக ஒரு மாதம் அந்தக் கூடு நாய், கீரி, காகம், மாட்டுக் குளம்பு எல்லாவற்றுக்கும் தப்பித் தரையில் கிடக்க வேண்டும். மறைப்பு ஒன்றுதான் அதற்குள்ள காப்பு. பொரித்த குஞ்சுகள் முதல் வாரங்களில் பெரும்பாலும் பூச்சி, புழுக்களைத் தின்றே வளர்கின்றன. அந்த இரை மலிந்திருப்பது முழங்கால் அளவு நீரும் செடியும் கலந்த ஓரத்தில்தான். குள்ளத்தாராவுக்கு வேண்டியது மரப்பொந்து. சீழ்க்கைச் சிறகி பொந்திலும் இருக்கும், பிற பறவைகள் விட்டுப்போன கூட்டிலும் இருக்கும், தரையிலும் இருக்கும்.

தண்ணீர் மட்டும் போதாது, ஓரத்துப் புல்லும் வேண்டும் என்ற பாடத்தை வட அமெரிக்கா பெரும் பொருட்செலவில் படித்தது. கனடாவின் தெற்கிலிருந்து டகோட்டா மாநிலங்கள் வரை, பனிப்பாறைகள் தோண்டிவிட்டுப் போன லட்சக்கணக்கான குட்டைகளோடு ஒரு புல்வெளி கிடக்கிறது. அந்தக் கண்டத்து வாத்துகளில் பாதிக்கு மேல் பிறப்பது அங்கேதான். 1930களின் வறட்சியில் வாத்துகள் சரிந்தபோது, வேட்டைக்காரர்கள் தபால்தலை போன்ற ஒரு வில்லையை வாங்கியாக வேண்டும் என்று 1934இல் அமெரிக்கா சட்டம் போட்டது. அந்தப் பணத்தில் நீர்நிலைகளை வாங்கிக் காத்தது. குட்டையைக் காத்தது சரி, சுற்றிலும் இருந்த புல்லை ஏர் தின்றுகொண்டிருந்தது. பச்சைத்தலை வாத்துகளின் தொகை குறையாமலிருக்க நூற்றுக்குப் பதினைந்து கூடுகளாவது பொரிக்க வேண்டும் என்று வட டகோட்டா ஆய்வு ஒன்று 1985இல் கணக்கிட்டது. அந்தச் சிறிய அளவைக்கூடப் பல இடங்கள் எட்டவில்லை. அதே ஆண்டு வந்த வேளாண் சட்டம், உழுத நிலத்தில் மீண்டும் புல் வளர்க்கும் விவசாயிக்கு ஆண்டு வாடகை தந்தது. அந்த நிலங்கள் பயிர்நிலமாகவே இருந்திருந்தால் பிறந்திருக்கக்கூடியதைவிட ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் வாத்துகள் கூடுதலாகப் பிறந்தன என்பது 1992 முதல் 1997 வரையிலான மதிப்பீடு.

இங்கே பறவைக் காப்பு என்றதும் மனதில் வருவது வேடந்தாங்கல். 1798இலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் பாதுகாப்பு ஆணை பெற்ற அந்த ஊர் மக்கள் போற்றத்தக்கவர்கள். ஆனால் அவர்கள் காத்தவை நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன்கள். நீர் நடுவே மரம் நிற்பதே அவற்றுக்குப் போதிய காப்பு. தரையில் முட்டையிடும் வாத்துக்கு அந்த முன்மாதிரி உதவாது. அதற்கு உகந்த இடம், ஏரிக்கரைக்கு எதிர்ப்புறம், நீர் வந்து சேரும் பக்கத்தில் உள்வாய் மெல்லச் சரிந்து மேடாகும் பகுதி. ஆக்கிரமிப்பு முதலில் நுழைவதும், வேலிகாத்தான் அடைத்துக்கொள்வதும், தூர்வாரும் பொக்லைன் இறங்குவதும் அதே இடத்தில்தான்.

தூர்வாராமல் பாசனம் எப்படி நடக்கும் என்று கேட்பது நியாயம். தூர்வார வேண்டும், மதகை ஒட்டிய ஆழப் பகுதியில் வண்டல் எடுப்பதுதான் பாசனத்துக்கு அதிகம் பயன்படும். எதிர்ப்புறச் சரிவையும் செங்குத்தாக வெட்டினால் கிடைக்கும் கொள்ளளவு சொற்பம், போகும் வாழிடமோ முழுசு. இன்னொரு எதிர்வாதமும் வலுவானது: மெல்லிய புல் விளிம்பு கீரிக்கும் நாய்க்கும் தேடு பாதையாகிவிடும். வட அமெரிக்கப் புல்வெளியின் அனுபவமும் அதுதான். குறுகிய கீற்றுகளில் கூடுகள் அதிகம் அழிகின்றன. ஆகவே ஏரியைச் சுற்றி ஒரு வளையம் விடுவதைவிட, ஒரு மூலையை முழுமையாக விட்டுவைப்பது மேல். அந்த மூலை மேடேறிப் போவதாக இருக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியதுபோல் பெய்தால், நீர் மட்டத்தை ஒட்டிய கூடு எதுவும் மிஞ்சாது.

மேய்ச்சலை நிறுத்தச் சொல்வது ஏழைகளின் வயிற்றில் அடிப்பது என்பார்கள். நிறுத்த வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கூடு கட்டும் சில மாதங்களுக்கு அந்த ஒரு மூலையில் மட்டும் மாடு இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கோடையில் மேயலாம், கோரை அறுக்கலாம். கோடையில் ஏரி வற்றுவதும் கேடல்ல. காய்ந்த உள்வாயில் புல் முளைத்து, மழையில் மூழ்கி மட்கும்போதுதான் குஞ்சுகளுக்கான பூச்சி பெருகுகிறது. மீன் குத்தகைக்காக ஆண்டு முழுவதும் ஆழநீர் தேக்குவதுதான் அதைக் கெடுக்கும். நெல்லுக்குச் சேதம் என்ற குறையை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது. புள்ளிமூக்கும் சீழ்க்கைச் சிறகியும் வயலில் இறங்கவே செய்கின்றன. ஏரியின் பலன் பொதுவில் கிடைக்க, சேதம் மட்டும் மூலைக்குப் பக்கத்து வயல்காரர் தலையில் விழுவது அநியாயம். இழப்பீடு ஊராட்சி வழியாக, அறுவடைக்குள் கைக்கு வர வேண்டும். அமெரிக்க விவசாயி புல் வளர்த்ததும் வாடகை கிடைத்ததால்தான்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வண்டல் எடுக்கத் தரும் அனுமதிக் கடிதத்திலேயே, எந்த மூலையில் இயந்திரம் இறங்கக்கூடாது, எந்த மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும், பொந்துள்ள எந்தப் பட்டமரத்தை வெட்டக்கூடாது என்று மூன்று வரி சேர்க்கலாம். வனத்துறையின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், வாத்துகளின் மொத்த எண்ணிக்கையோடு, குஞ்சு கூட்டி வரும் தாய் எத்தனை, ஒவ்வொன்றின் பின்னும் எத்தனை குஞ்சு என்று தனிப் பத்தியும் வேண்டும். இல்லாவிட்டால், சைபீரிய விருந்தாளிகளின் பெருங்கூட்டத்தில் உள்ளூர் வாத்தின் சரிவு கணக்கில் தெரியாமலே போய்விடும். மூன்று நான்கு ஆண்டுகள் அந்தப் பத்தியை நிரப்பினால், வீடூர் அணையோரமா, கழுவேலியின் மேல்விளிம்பா, பெயர் தெரியாத ஏதோ ஒரு சிற்றேரியா, குஞ்சு எங்கே பிழைக்கிறது என்பது தெரிந்துவிடும். எந்த மூலையை முதலில் விட்டுவைப்பது என்பதும்.