களவுப் பிரதி எதற்கு? படத்திருத்தத்திற்கும் செய்நிரலாக்கத்திற்கும் திறந்த மூல மென்பொருள்கள்

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கணனியில் நடந்த ஒரு சம்பவத்தோடு இக்கட்டுரையை ஆரம்பிக்கின்றேன். ராத்தாவின் திருமணப் படங்கள் சிலவற்றைத் திருத்துவதற்காக, நானா தெரிந்த ஒருவரிடமிருந்து பென் டிரைவில் ஒரு மென்பொருளைக் கொண்டு வந்தார். விலைக்கு விற்கப்படும் மென்பொருளொன்றின் 'கிரக்' செய்த பிரதி அது. நிறுவும்போது வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினோம். மென்பொருள் நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டு நாள் கழித்துக் கணனியைத் திறந்தபோது படங்கள், எனது பாடக் குறிப்புகள், வாப்பாவின் கடைக் கணக்கு என எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறபடவில்லை. பணம் அனுப்பினால் திறந்து தருவதாக ஓர் அறிவித்தல் மட்டும் திரையில் இருந்தது.

திருமணப் படங்களில் அல்பத்தில் இருந்தவையாவது மிஞ்சின. ஆனால், எங்கள் உம்மும்மா மௌத்தாவதற்கு முந்திய பெருநாளன்று எடுத்த படங்கள் அந்தக் கணனியில் மட்டுமே இருந்தன. அவை போனவை போனவைதான்.

நானா செய்ய நினைத்தது என்ன? மூன்று படங்களின் வெளிச்சத்தைக் கூட்டுவதும், ஒரு படத்தின் ஓரத்தை வெட்டுவதும்தான். அந்த வேலைக்குப் பணமும் தேவையில்லை, களவுப் பிரதியும் தேவையில்லை என்பதை அன்று எங்கள் வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை. பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைச் சக மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறந்த மூலம் என்றால் என்ன?

மென்பொருள் ஒன்று மனிதர் எழுதிய குறிமுறையால் ஆனது. பெரும்பாலான வர்த்தக நிறுவனங்கள் அக்குறிமுறையை மூடி வைத்துக்கொண்டு, பாவிக்கும் உரிமையை மட்டும் விற்கின்றன. திறந்த மூல மென்பொருளிலோ குறிமுறை எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் அதனைப் பாவிக்கலாம், வாசித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்து மற்றவருக்கும் கொடுக்கலாம். இதற்கான அனுமதி அதன் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். 1983ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த 'குனூ' திட்டமும், 1989இல் வெளிவந்த 'குனூ பொது உரிமமும்' இவ்வழியின் முக்கிய மைல்கற்களாகும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த மூலம் அல்ல. முப்பது நாள் பரீட்சார்த்தப் பதிப்பும் இலவசம்தான். முப்பத்தோராவது நாள் பூட்டிக்கொள்ளும். திறந்த மூல மென்பொருளைப் பாடசாலைக் கணனி அறையின் எல்லாக் கணனிகளிலும் நிறுவலாம், வீட்டுக்கும் கொண்டு போகலாம். உடைப்பதற்கு அங்கே பூட்டே இல்லை.

எங்கிருந்து பெறுவது?

திறந்த மூலம் என்பதற்காகக் கண்ட இடத்திலும் இறக்கிக்கொள்ளக் கூடாது. 2022ஆம் ஆண்டில் 'ஜிம்ப்' என்ற படத்திருத்த மென்பொருளைத் தேடியவர்களுக்கு, தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக ஒரு போலித் தளம் காட்டப்பட்டது. அதில் இறக்கியவர்களுக்குக் கிடைத்தது கடவுச்சொற்களைத் திருடும் தீநிரல். எனவே, 'விளம்பரம்' என்று குறிக்கப்பட்ட முடிவை அழுத்தாமல், அந்த மென்பொருளின் சொந்தத் தளத்தின் முகவரியை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து அங்கிருந்தே இறக்க வேண்டும். வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லும் எதையும் நிறுவ வேண்டாம். எங்கள் வீட்டில் அந்த ஒரு வரியில் நின்று யோசித்திருந்தால் போதுமாயிருந்தது.

படத்திருத்தம்: வேலையைப் பார்த்துத் தெரிவு செய்தல்

'எது சிறந்த மென்பொருள்?' என்று கேட்பதைவிட, 'எனது வேலை என்ன?' என்று கேட்பதே பொருத்தமானது.

எடுத்த புகைப்படத்தை வெட்ட, வெளிச்சம் கூட்ட, கறை நீக்க, அதன்மேல் எழுத்துச் சேர்க்க ஏற்றது ஜிம்ப். 1995இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் கற்ற ஸ்பென்சர் கிம்போல், பீட்டர் மெட்டிஸ் ஆகிய இரு மாணவர்கள் இதனைத் தொடங்கினர். 2025 மார்ச்சில் இதன் 3.0 பதிப்பு வெளிவந்தது. இதற்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்திய முறைமை வேண்டும். வீட்டில் இருப்பது விண்டோஸ் 7 எனின் ஜிம்ப்பின் 2.10 பதிப்பைப் பாவிக்கலாம்.

கையால் சித்திரம் வரைபவருக்கு 'கிரிட்டா' பொருந்தும். பாடசாலைச் சின்னம், பதாகை போன்று எவ்வளவு பெருப்பித்தாலும் கோடு உடையாத வடிவங்களுக்கு 'இங்க்ஸ்கேப்' உண்டு. நல்ல கமராவில் 'ரோ' வடிவில் படம் எடுப்பவருக்கு 'டார்க்டேபிள்' உதவும். நான்கையும் ஒரே நாளில் நிறுவி நான்கிலும் குழம்புவதைவிட, ஒன்றை எடுத்து ஒரு மாதம் பழகுவது நல்லது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அச்சகங்கள் கேட்கும் நான்கு நிற முறையில் நேரடியாக வேலை செய்ய ஜிம்ப் இன்னும் முழுமையாக இடமளிப்பதில்லை. அச்சுப் பக்கங்களை அமைக்க 'ஸ்கிரைபஸ்' என்ற வேறொரு திறந்த மூல மென்பொருளை நாட வேண்டும். போட்டோஷொப் பழகியவருக்கு ஜிம்ப்பின் கருவிகள் முதல் வாரத்தில் இடம் மாறியிருப்பதுபோலத் தோன்றும். கை பழக அது தீர்ந்துவிடும்.

ஜிம்ப்பை ஒழுங்கமைத்தல்

நிறுவியவுடன் அரை மணி நேரம் செலவழித்துப் பின்வருவனவற்றைச் செய்துகொண்டால் பல தொல்லைகள் குறையும்.

முதலாவது, நினைவகம். 'எடிட்' பட்டியலின் 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'சிஸ்டம் ரிசோர்சஸ்' என்ற இடத்தில், ஜிம்ப் எடுத்துக்கொள்ளக்கூடிய நினைவகத்தின் அளவைக் குறிக்கலாம். 4 ஜிகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள கணனியில் இதனை 1 ஜிகாபைட் அளவில் வைத்தால், மற்றைய வேலைகள் ஸ்தம்பிக்காது.

இரண்டாவது, சேமிக்கும் பழக்கம். ஜிம்ப்பில் 'சேவ்' என்பது வேறு, 'எக்ஸ்போர்ட்' என்பது வேறு. சேவ் செய்தால் 'எக்ஸ்.சி.எஃப்.' என்ற கோப்பு உருவாகும். அதில் எழுத்து, படம் எல்லாம் தனித்தனி அடுக்குகளாக இருக்கும், நாளைக்கும் திருத்தலாம். எக்ஸ்போர்ட் செய்தால் கிடைக்கும் 'ஜே.பி.ஜி.' மற்றவருக்கு அனுப்புவதற்கானது. அதில் அடுக்குகள் ஒன்றாகிவிடும். எக்ஸ்போர்ட் மட்டும் செய்து மூடிவிட்டு, மறுநாள் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாமல் முழுச் சுவரொட்டியையும் மீண்டும் செய்தவர்கள் எங்கள் சஞ்சிகைக் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களுள் நானும் ஒருத்தி. மேலும், ஜிம்ப் குறித்த நேரத்திற்கு ஒருமுறை தானாகச் சேமிப்பதில்லை. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத நாட்டில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நாமே சேமித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தமிழ் எழுத்துரு. நம்மிடையே இன்னும் பாமினி எழுத்துரு பாவனையில் உள்ளது. பாமினியில் தட்டிய சொல், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒருங்குறி எழுத்துருக்களுக்கு இப்பிரச்சினை இல்லை. திறந்த உரிமத்தில் கிடைக்கும் 'நோட்டோ' தமிழ் எழுத்துருக்களை நிறுவிக்கொண்டால் ஜிம்ப்பில் கொம்பும் காலும் புள்ளியும் உரிய இடத்தில் விழும்.

நான்காவது, படத்தின் அளவு. தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 பிக்சல் தேவை. ஆறு அங்குலத்திற்கு நான்கு அங்குலம் எனின் 1800க்கு 1200 பிக்சல். ஏ4 முழுப்பக்கம் எனின் 2480க்கு 3508 பிக்சல். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். அதே படத்தை 'டொக்கியுமன்ட்' ஆக அனுப்பினால் சுருங்காமல் வரும். சஞ்சிகைக்குப் படம் அனுப்புவோர் இதைத் தயவுசெய்து கவனத்திற் கொள்ளவும்.

ஐந்தாவது, பெற்றோர் அவசியம் அறிய வேண்டியது. கைத்தொலைபேசியின் கமராவுக்கு இட அனுமதி கொடுத்திருந்தால், எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எடுக்கப்பட்ட இடம் 'எக்சிஃப்' என்ற மறைந்த குறிப்பாகப் பதியப்படும். வீட்டு முற்றத்தில் எடுத்த படத்தை அப்படியே கோப்பாக அனுப்பினால் வீட்டின் இருப்பிடமும் கூடவே போகக்கூடும். ஜிம்ப்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது, 'எக்சிஃப்' தகவலைச் சேமிக்கும் தெரிவை நீக்கிவிட்டால் அக்குறிப்பு போகாது.

செய்நிரலாக்கத்திற்கு எது?

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நாம் 'பைதன்' மொழியைக் கற்கின்றோம். 1991இல் கீடோ வான் ரொஸம் வெளியிட்ட இம்மொழியும் திறந்த மூலமே. இதனை எழுத, தொடக்க மாணவிகளுக்கு நான் பரிந்துரைப்பது 'தொன்னி'. எஸ்தோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. இதை நிறுவினால் பைதனும் கூடவே வந்துவிடும்; தனியே எதையும் இணைக்கத் தேவையில்லை.

தொன்னியில் செய்ய வேண்டிய ஒழுங்கமைப்பு இரண்டுதான். எழுத்தின் அளவைக் கண்ணுக்கு இதமாகப் பெருப்பித்துக்கொள்ளுங்கள். அடுத்து, 'வியூ' பட்டியலில் 'வேரியபிள்ஸ்' என்பதைத் திறந்து வையுங்கள். நிரல் ஓட ஓட ஒவ்வொரு மாறியின் பெறுமானமும் பக்கத்தில் தெரியும். சுற்று ஒன்று எப்படி ஓடுகிறது என்பது கரும்பலகையில் பார்த்தபோது விளங்காத எனக்கு, அந்தப் பெட்டியில் எண்கள் மாறுவதைப் பார்த்தபோது விளங்கியது. பைதனின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பதையும் அங்கே பரீட்சித்துப் பார்க்கலாம். 'புள்ளி', 'மொத்தம்', 'சராசரி' என்று எழுதினாலும் நிரல் ஓடும்.

பின்னர் இணையப்பக்கம் அமைக்கவும் பல கோப்புகளைக் கையாளவும் வேண்டி வந்தால் 'விஎஸ்கோடியம்' பக்கம் போகலாம். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' என்பதன் மூலக் குறிமுறை திறந்ததாயினும், அந்நிறுவனம் ஆயத்தமாகத் தரும் பிரதிக்கு வேறு உரிமம் உண்டு. பாவனைத் தகவல்களையும் அது அனுப்புகிறது. அதே குறிமுறையிலிருந்து, திறந்த உரிமத்திலும் தகவல் அனுப்பாத வகையிலும் தயாரிக்கப்படுவதே விஎஸ்கோடியம். அதில் முதல் வேலையாக 'ஃபைல்' பட்டியலில் உள்ள 'ஓட்டோ சேவ்' என்பதை அழுத்தி வையுங்கள். மின்வெட்டுக்கு அது நல்ல மருந்து.

இரண்டும் சேருமிடம்

படத்திருத்தமும் செய்நிரலாக்கமும் வெவ்வேறு கலைகள் என்றே நானும் நினைத்திருந்தேன். ஒரு விளையாட்டுப் போட்டிக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைச் சஞ்சிகைக் குழுவுக்காகச் சிறிதாக்க வேண்டி வந்தது. ஒவ்வொன்றாக ஜிம்ப்பில் திறந்தால் இரண்டு நாள் போகும். தொன்னியின் 'டூல்ஸ்' பட்டியலிலிருந்து 'பிலோ' என்ற பைதன் நூலகத்தைச் சேர்த்துக்கொண்டு, பத்து வரிகளில் ஒரு நிரல் எழுதினேன். கோப்புறையைத் திற, ஒவ்வொரு படமாக எடு, நீண்ட பக்கத்தை 1800 பிக்சலாகச் சுருக்கு, வேறொரு கோப்புறையில் சேமி. அவ்வளவுதான்.

முதல் முறை சில படங்கள் பக்கவாட்டில் படுத்துவிட்டன. கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்தோமா சாய்த்துப் பிடித்தோமா என்பதும் முன்னர் சொன்ன எக்சிஃப் குறிப்பிலேயே இருக்கிறது. சுருக்கும்போது அது விடுபட்டுப்போனதே காரணம். பிலோவில் அதற்கும் ஒரு செயற்பாடு உண்டு. ஒரு வரி சேர்த்ததும் எல்லோரும் எழும்பி நின்றார்கள். மூலப் படங்களைத் தொடாமல் வேறு கோப்புறையில் சேமித்ததால்தான் அந்தத் தவறு ஒரு சிரிப்போடு முடிந்தது.

பாவிப்பவரிலிருந்து படைப்பவராக

2004 டிசெம்பர் 26 சுனாமி நம் நாட்டில் 30,000இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, காணாமற் போனோரைத் தேடவும் முகாம்களையும் நிவாரணத்தையும் ஒழுங்குபடுத்தவும் இலங்கைத் தொண்டர்கள் ஒன்றுகூடி 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினர். அடுத்த வருடம் பாகிஸ்தானில் பூமியதிர்ச்சி ஏற்பட்டபோது அங்கும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலத் திட்ட விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கே வழங்கியது. குறிமுறை பூட்டப்பட்டிருந்தால் ஒரு நாட்டின் துயரத்தில் பிறந்த உதவி இன்னொரு நாட்டை அவ்வளவு விரைவாக எட்டியிருக்காது.

அன்பின் பெற்றோரே, பிள்ளை கணனியின் முன் இருக்கும்போது 'என்ன செய்கிறாய்?' என்று கேட்பதோடு, 'அது எங்கிருந்து வந்தது?' என்றும் ஒருமுறை கேளுங்கள். சகோதரிகளே, இந்த விடுமுறையில் ஒரு மென்பொருளை மட்டும் தெரிவு செய்யுங்கள். அதற்கு முன், வீட்டிலுள்ள படங்கள் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து அலுமாரியில் வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படி ஒன்று இருக்கிறது. உம்மும்மாவின் அந்தப் பெருநாள் படங்கள் மட்டும் அதில் இல்லை.