கூண்டும் கருணையும்

போன தீபாவளிக்கு என் பேரன் ஒரு கோரிக்கை வைத்தான். "தாத்தா, எனக்கு சுகர் கிளைடர் வாங்கித் தாங்க. பக்கத்து பிளாட்ல வச்சிருக்காங்க!" பெயரைக் கேட்டதும் ஏதோ மிட்டாய் என்றுதான் நினைத்தேன். விசாரித்தால், அது ஆஸ்திரேலியப் பக்கத்துச் சின்ன உயிர். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே உள்ள தோலை விரித்து மரம் விட்டு மரம் மிதந்து போகும். பகலில் தூங்கும், இரவில் விழிக்கும், கூட்டமாக வாழும். அதைத் தனியாக ஒரு பெட்டியில் அடைத்து, பகலில் எழுப்பி விளையாட்டுக் காட்டச் சொல்கிறோம்.

நான் புனே ரவிவார் பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். கல்லாவில் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. படித்ததையும் பட்டதையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி, மலை மைனா, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு உயிர்களை வீட்டில் வளர்ப்பது குற்றம். காசு கொடுத்து வாங்கினேன் என்பது சமாதானம் ஆகாது.

அயல்நாட்டு உயிர்களின் கதை வேறு. நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று வளர்ப்பவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். ஜான் கூல்ட் என்ற பறவையியலார் 1840-இல் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்கக் கிளி. பட்ஜெரிகருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் சன் கொனூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதலியவை 'சைட்டிஸ்' என்னும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்ட சட்டமும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், இப்படிப்பட்டவற்றை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்கின்றன. புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிய வேண்டும்.

சட்டம் இருக்கட்டும், தர்மம் என்ன சொல்கிறது? சமண இல்லறத்தாருக்குக் கொல்லாமை விரதத்தில் ஐந்து குற்றங்கள் சொல்லப்பட்டுள்ளன: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கட்டி வைத்தல்தான் முதலில் நிற்கிறது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலும் இதற்கொரு கதை உண்டு. சீவகன் முற்பிறப்பில் அசோதரன் என்னும் அரசகுமாரன். அன்னக்குஞ்சு ஒன்றைப் பிடித்துக் கூட்டில் வைத்து ஆசையாக வளர்த்தான். தந்தை அறம் உரைத்த பிறகு அதை விட்டுவிட்டான். ஆனாலும் அந்தக் குஞ்சைச் சுற்றத்திடமிருந்து பிரித்த வினை, மறுபிறப்பில் அவனையும் பெற்றோரிடமிருந்து பிரித்தது.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்பு, நானும் கடையில் ஒரு பச்சைக்கிளி வைத்திருந்தேன். 'வணக்கம்' சொல்லப் பழக்கினேன். ஒரு மகாவீர் ஜெயந்தி அன்று, புண்ணியம் என்று நினைத்துக் கூண்டைத் திறந்தேன். விற்றவன் இறக்கையை வெட்டியிருந்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. பறக்கத் தெரியாமல் வாசலில் விழுந்தது. நான் ஓடுவதற்குள் பூனை கவ்விக்கொண்டது. பிடித்து வைத்ததும் நான்தான், கொன்றதும் நான்தான்.

அன்று தெரிந்துகொண்டது இது. அடைப்பது ஒரு குற்றம் என்றால், யோசிக்காமல் திறந்துவிடுவது இன்னொன்று. அன்னக்குஞ்சுக்குப் போய்ச் சேர ஒரு குளமும் தாய் தந்தையும் இருந்தார்கள். ஆஸ்திரேலியக் குருவிக்குப் புனேயில் யார் இருக்கிறார்கள்? அமெரிக்கச் சிவப்புக்காது ஆமையைக் காசளவில் வாங்கி, தட்டளவு வளர்ந்ததும் ஏரியில் விட்டால், அது நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பறிக்கும். பண்டிகை நாளில் குருவி வாங்கிப் பறக்கவிடுவதும் அப்படித்தான். காசு கொடுத்தால் சரக்கு திரும்ப வரும் என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும். நாளைக்கு இன்னும் நாலு குருவி வலையில் விழும்.

ஆகவே அன்பர்களே, வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் அயல்நாட்டு உயிர் இருந்தால் பதிவு செய்து, பெரிய கூண்டும் தக்க துணையும் கொடுத்துக் கடைசிவரை காப்பாற்றுங்கள். நாட்டுக்கிளி இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். எப்போது, எங்கே விடுவது என்று அவர்களுக்குத் தெரியும்.

பேரனிடம் கிளிக்கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். இப்போது எங்கள் பால்கனியில் ஒரு மண்சட்டித் தண்ணீர் இருக்கிறது. தினமும் காலையில் பேரன்தான் நிரப்புகிறான். புல்புல் வருகிறது, மைனா வருகிறது. குடித்துவிட்டுப் போய்விடுகின்றன.