பொன்னியின் செல்வனில் ஒரு மோதிரம்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் பலரும் வீரக்கதையாகவே வாசிக்கின்றனர். எனக்கு அது ஊழல் எப்படித் தொடங்குகிறது என்பதையும் சொல்கிறது.

தனாதிகாரி பெரிய பழுவேட்டரையர் திருடர் அல்லர். போர்களில் 64 விழுப்புண் பெற்றவர். ஆனால் இளம் மனைவி நந்தினிமீது கொண்ட மோகத்தால் அவருடைய பனை இலச்சினை மோதிரம் அவள் கைக்குப் போகிறது. சோழரின் பொக்கிஷப் பொன்னும், சோழரைப் பழிவாங்கக் காத்திருந்த சதிகாரரிடம் சேர்கிறது. தான் காத்த களஞ்சியம் தன் வீட்டு வழியாகவே கசிவதை அந்தக் கிழவர் வெகு காலம் அறியவில்லை.

இளவரசர் அருள்மொழிவர்மருக்கோ நமது அநுராதபுரத்தில் இலங்கையின் மணிமுடியையே பிக்குமார் வழங்க முன்வருகின்றனர். தந்தையின் படையை நடத்த வந்தவர், தனக்கென முடியை ஏற்க மறுக்கிறார்.

மோதிரமும் மணிமுடியும் பெரிய இடத்துக் கதை என்று எண்ண வேண்டாம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் உறவுக்காரிக்காக இரண்டு கிலோ கொழுந்தைக் கூட்டி எழுதினாலும் கதை இதுதான். வேண்டியவர்களுக்குக் கொடுக்க நம் சொந்தப் பொருள் இருக்கிறது. பதவியோடு வந்தது அமானிதம்.