இதயத்துக்குப் பக்கத்துல ஒரு தண்ணிப் பை

புது வேலைக்கான மெடிக்கல் செக்கப்ல நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கறாங்கன்னு வைங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா ரிப்போர்ட்ல, இதயத்தோட வலது ஓரமா, உதரவிதானத்தை ஒட்டி ஒரு உருண்டை நிழல் தெரியுதுன்னு இருக்கு. அன்னிக்கு ராத்திரி வீட்ல யாருக்கும் தூக்கம் வராது.

அது பெரிகார்டியல் சிஸ்ட்டா இருக்கலாம். இதயத்தைச் சுத்தி பெரிகார்டியம்னு ஒரு உறை இருக்கு. கருவுல அது உருவாகும்போது ஒரு துண்டு சேராம ஒதுங்கிட்டா, தனிப் பையாகி உள்ளே தெளிந்த நீர் சேரும். சுமார் லட்சத்துல ஒருத்தருக்கு இருக்கும். புற்றுநோய் கிடையாது.

சிக்கல் என்னன்னா, கொழுப்புத் திரட்டும், உதரவிதான ஓட்டை வழியா மேலேறின குடலும்கூட அதே இடத்துல அதே மாதிரி நிழல் காட்டும். எக்ஸ்ரேல பிரிச்சுச் சொல்றது கஷ்டம். அதனால சி.டி. ஸ்கேன். அதுல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அடர்த்தி எண் வரும்: தண்ணி 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100 பக்கம். இந்த அளவுகோலுக்குப் பேரு ஹவுன்ஸ்ஃபீல்ட். அவர் டாக்டர் இல்ல, இ.எம்.ஐ.ல வேலை பார்த்த இன்ஜினியர் (மாசத் தவணை இல்லங்க, இங்கிலாந்து கம்பெனி). 1979ல நோபல் வாங்கினார்.

சிஸ்ட்னா எண் தண்ணிக்குப் பக்கத்துல இருக்கும், சுவர் மெல்லிசா இருக்கும், கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தினாலும் உள்ளே பளிச்சுன்னு ஆகாது. சந்தேகம் இருந்தா எக்கோ, எம்.ஆர்.ஐ.

சரி, எடுத்துடலாமா? தொந்தரவு இல்லன்னா பெரும்பாலும் வேணாம். அப்பப்போ ஸ்கேன் பண்ணிக் கவனிச்சா போதும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, கட்டி வளர்றது, இதயத்தை அழுத்தறது, இதெல்லாம் இருந்தாத்தான் ஆபரேஷன் பேச்சு. ஊசியால நீரை உறிஞ்சலாம். ஆனா சுவர் அங்கேயே இருக்கறதால திரும்ப நிரம்பலாம். அது நாடாப்புழுவால வந்த ஹைடாட்டிட் கட்டியா இருந்தா, குத்தும்போது நீர் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரலாம். அதனால என்னன்னு தெரியாம ஊசி போடக்கூடாது.

ஆபரேஷன் இப்போ பெரும்பாலும் கேமரா வழியாத்தான். மயக்கம் கொடுத்து, அந்தப் பக்க நுரையீரலைத் தற்காலிகமா சுருங்க வைப்பாங்க. விலா எலும்புகளுக்கு நடுவுல ரெண்டு மூணு சின்னத் துளை. பையை உறையிலிருந்து மெதுவா பிரிச்சு, பரிசோதனைக்கு லேபுக்கு அனுப்புவாங்க. கவனம் முழுக்க ஃபிரெனிக் நரம்பு மேல. கழுத்துலேர்ந்து இதய உறையை ஒட்டி இறங்கற அது வெட்டுப்பட்டா, அந்தப் பக்க உதரவிதானம் செயலிழந்து மூச்சுவிடச் சிரமமாகும். சுவர் நரம்போட ஒட்டியிருந்தா, அந்தத் துண்டை மட்டும் அப்படியே விட்டுடுவாங்க. எனக்கு இந்த விட்டுடற முடிவுதான் ரொம்பப் பிடிச்சது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது, பீரோவுல பழைய எக்ஸ்ரே இருந்தா எடுத்துட்டுப் போங்க. அஞ்சு வருஷம் முன்னாடியும் அதே நிழல் அதே அளவுல இருந்துச்சான்னு அவர் முதல்ல பார்க்கலாம்.