பாங்கிகளை அளக்கும் கோல்

ஒரு தேசத்தின் பாங்கிகள் மற்றொரு தேசத்தின் பாங்கிகளைவிடத் திறமை மிகுந்தவை என்று வாதிப்போர் ஓர் எண்ணைச் சாட்சியாகக் கொண்டு வருகின்றனர். நூறு ரூபாய் வருமானம் பெற எத்தனை ரூபாய் செலவாயிற்று என்பதே அவ்வெண். செலவு குறைந்த தேசம் ஜயித்தது; மிகுந்த தேசம் தோற்றது. தீர்ப்பு எளிதுதான், அது நியாயமானதா?

1957-ம் வருஷம் பாரெல் என்ற ஆங்கிலப் பொருளாதார நிபுணர் இதனினும் நுட்பமான முறையொன்றை வகுத்தார். குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் ஸ்தாபனங்களை எல்லையாக நிறுத்தி, மற்றவை அவ்வெல்லைக்கு எவ்வளவு பின்தங்கியுள்ளன என்று கணக்கிடுவதே அம்முறை. பிற்காலத்தார் அதனைப் பாங்கிகளுக்கும் பிரயோகித்தனர்.

2000-ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சி பிரான்ஸ், ஸ்பெயின் தேசங்களின் பாங்கிகளை இவ்வழியில் ஒப்பிட்டது. முதற் கணக்கில் ஸ்பெயின் மிகவும் தாழ்ந்து நின்றது. ஜனநெருக்கம், தலைக்கு வருமானம் முதலிய தேச நிலைமைகளையும் சேர்த்துக் கணக்கிட்டதும் அவ்வித்தியாசம் பெரிதும் குறைந்துவிட்டது. பாங்கிகளின் குற்றமென்று கருதப்பட்டதில் பெரும்பகுதி தேச நிலைமையின் விளைவே யன்றோ?

மற்றொரு சிக்கலும் உண்டு. ஜனங்களின் டிபாசிட்டைக் கடன் கொடுப்பதற்கான மூலப்பொருளாகச் சிலர் கொள்கின்றனர். அதைப் பாதுகாப்பதே பாங்கி செய்யும் சேவையென்று வேறு சிலர் கொள்கின்றனர். முதற் கணக்கில், ஏழைகளின் சிறு சேமிப்பைக் காக்கும் உழைப்பு வெறுஞ் செலவாகவே தோன்றும்.

நமது தேசத்து அனுபவத்தைப் பாருங்கள். 1969 ஜூலை 19-ந் தேதி பதினான்கு பெரிய பாங்கிகள் தேசிய உடைமையாயின. அப்போது சுமார் 65,000 பேருக்கு ஒரு கிளை. கிராமக் கிளைகள் மொத்தத்தில் கால் பங்குகூட இல்லை. 1977 முதல் 1990 வரை, பாங்கி ஏற்கெனவே உள்ள ஊரில் புதிய கிளையொன்று திறக்க வேண்டுமாயின், பாங்கியில்லாத நான்கு ஊர்களில் கிளை திறக்க வேண்டுமென்ற விதி இருந்தது. பர்ஜெஸ், பாண்டே என்ற இரு ஆராய்ச்சியாளர் 2005-ல் இதைப் பரிசீலித்து, கிராம வறுமை குறைந்ததென்று கண்டனர். கடன்கள் பல திரும்பி வரவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இதைக் கேடயமாக்கிக் கொண்டு மெத்தனத்திற்கு நியாயம் கற்பிக்க எவருக்கும் உரிமையில்லை. 2017-ல் பொதுத்துறைப் பாங்கிகளைத் தாங்க 2.11 லக்ஷம் கோடி ரூபாய்த் திட்டத்தைச் சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது. அந்நாளில் வாராக் கடனில் பெரும்பங்கு பெருங் கடனாளிகளுடையதேயன்றிக் குடியானவனுடையதன்று.

ஆகவே கணக்கை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். தேசம் கட்டளையிட்ட சேவைக்கான செலவு ஒன்று. அசிரத்தையாலும் தாக்ஷண்யத்தாலும் நேர்ந்த நஷ்டம் மற்றொன்று. முன்னதைத் தேசம் மனமொப்பி ஏற்கலாம். பின்னதற்குப் பொறுப்பாளிகள் பதில் சொல்லியே தீர வேண்டும். இவ்விரண்டையும் ஒரே எண்ணுக்குள் கலந்து தேசங்களை வரிசைப்படுத்தினால், கிராமக் கிளை மூடப்படும். பெருங் கடனாளி தப்பிவிடுவான்.